ஃபஸ் பெடல் கட்டி முடித்தும் சத்தம் சரியாக வரவில்லை: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். கிட்டார் ஒலியைக் கிழித்துக் கரகரப்பாக்கும் ஃபஸ் ஃபேஸ் வகையில், இரண்டு சிலிக்கான் ட்ரான்ஸிஸ்டர் வைத்து ஒரு பெடலை வெரோபோர்டில் (செம்புக்கோடுகள் வரிசையாக ஓடும் துளைப் பலகையில்) நீங்களே கட்டியிருக்கிறீர்கள். எஃபெக்ட் அணைந்திருக்கும்போது கிட்டார் ஒலி சுத்தமாக ஆம்புக்குப் போகிறது. ஸ்விட்சை மிதித்தால் எல்இடி எரிகிறது. ஆனால் ஒலி மிகவும் சன்னமாகி, பலமாக அடித்தால் மட்டும் கிழிந்தாற்போல் வந்து, சுரம் முடிவதற்குள் அறுந்துவிடுகிறது. கூடவே ஒரு இரைச்சல். வரைபடத்தில் 2என்3904 என்ற ட்ரான்ஸிஸ்டர் போட்டிருந்தது, கையில் பிசி547 என்ற வேறொரு வகை இருந்ததால் அதை வைத்தீர்கள். வேலை செய்யாததால் இரண்டையும் கழற்றிவிட்டு வேறு இரண்டு பிசி547 போட்டும் பார்த்துவிட்டீர்கள், மாற்றமில்லை. அடுத்து எந்தப் பாகத்தை மாற்றலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது, கெட்டுப்போன பாகத்தின் பெயர் இல்லை, சிக்னல் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று கண்டுபிடிக்கும் வழி. பல வருடமாகப் பெடல்களைக் கட்டியும் பழுது பார்த்தும் வருகிறேன். புதிதாகக் கட்டிய பெடலில் பாகமே கெட்டிருப்பது அரிது. தவறான இடத்தில் சால்டர் வைத்தது, மதிப்பு மாறிய ரெசிஸ்டர், காலை மாற்றிச் செருகிய ட்ரான்ஸிஸ்டர், வெட்டாமல் விட்ட செம்புக்கோடு என்று இவைதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். பாகத்தை மாற்றிக்கொண்டே போனால் ஒவ்வொரு முறையும் போர்டு சூடேறும், செம்பு உரியும், இருந்த ஒரு பழுது மூன்றாகும்.

நீங்கள் சொன்னதிலிருந்தே சில விஷயங்கள் உறுதியாகத் தெரிகின்றன. அணைந்த நிலையில் ஒலி சுத்தமாகப் போகிறது என்றால் கிட்டார், கேபிள், ஆம்ப், இரண்டு ஜாக்குகள், ஃபுட்ஸ்விட்சில் எஃபெக்ட்டைத் தொடாமல் ஒலி கடந்துபோகும் பைபாஸ் வழி எல்லாம் சரி. எல்இடி எரிகிறது என்றால் எல்இடிக்கு மின்சாரம் வருகிறது. போர்டுக்கும் வருகிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது, இரண்டும் வேறு வேறு கம்பி. மிதித்த பிறகு கொஞ்சமாவது கிழிந்த ஒலி வருவதால் போர்டுக்குக் கொஞ்சமாவது மின்சாரம் போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அளந்து உறுதிப்படுத்துவது அதைவிட நல்லது. கடைசியாக, ட்ரான்ஸிஸ்டரை மாற்றியும் அதே பழுது அப்படியே இருக்கிறது. நான்கு ட்ரான்ஸிஸ்டரும் ஒரே மாதிரி கெட்டிருக்க வாய்ப்பில்லை. அவை செருகப்பட்ட விதத்தையோ அவற்றைச் சுற்றி இருப்பதையோதான் சந்தேகிக்க வேண்டும்.

என் முதல் சந்தேகம் ட்ரான்ஸிஸ்டரின் மூன்று கால்களின் வரிசை மேல். பேஸ் காலில் வரும் சிறு ஓட்டம்தான் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவில் ஓடும் பெரிய ஓட்டத்தை ஆட்டுவிக்கிறது. 2என்3904-இன் தட்டையான முகத்தை உங்களை நோக்கி, கால்களைக் கீழே வைத்துப் பிடித்தால் இடமிருந்து வலமாக எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று வரும். பிசி547-ஐ அதேபோலப் பிடித்தால் கலெக்டர், பேஸ், எமிட்டர். நேர் எதிர். வரைபடத்துடன் வந்த போர்டு அமைப்பு 2என்3904-க்காக வரைந்ததாக இருந்து, தட்டை முகம் எந்தப் பக்கம் என்று அதில் காட்டியபடியே நீங்கள் பிசி547-ஐ வைத்திருந்தால், கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறிவிட்டன. இப்படித் தலைகீழாக வைத்த ட்ரான்ஸிஸ்டர் முழுவதும் செத்துவிடாது என்பதுதான் இதில் ஏமாற்றும் விஷயம். நூற்றுக்கணக்கில் இருக்க வேண்டிய பெருக்கம் ஒற்றை இலக்கத்துக்கோ அதற்குச் சற்று மேலாகவோ இறங்கிவிடும். அதனால் சத்தம் அடியோடு நிற்காமல், நீங்கள் சொன்ன மாதிரி சன்னமாகவும் அறுந்தும் வரும். இன்னொரு பிசி547-ஐ அதே மாதிரி வைத்தால் அதே பழுதுதான் வரும்.

ஆனால் இது சந்தேகம் மட்டும்தான். வேறு மூன்று நான்கு பிழைகளும் காதுக்கு இதே மாதிரி கேட்கும். அவற்றைப் பிரித்துப் பார்க்க மல்டிமீட்டர் வேண்டும், சாதாரண மீட்டரே போதும். அளவுகளுக்குப் பொருள் புரிய சுற்றை ஒரு முறை மனதில் ஓட்டிப் பார்த்துக்கொள்வோம். கிட்டாரிலிருந்து வரும் சிக்னல் 2.2 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக முதல் ட்ரான்ஸிஸ்டரின் பேஸுக்குப் போகிறது. அதன் எமிட்டர் நேராக கிரவுண்டில், அதாவது பேட்டரியின் மைனஸோடு சேரும் பொதுக் கம்பியில். கலெக்டர் 33கே (33,000 ஓம்) ரெசிஸ்டர் வழியாக 9 ஓல்ட்டில். அதே கலெக்டர் இரண்டாவது ட்ரான்ஸிஸ்டரின் பேஸோடு நேரடியாகச் சேர்ந்திருக்கிறது, நடுவே கெப்பாசிட்டர் கிடையாது. இரண்டாவதன் எமிட்டருக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 1கே ஃபஸ் பாட், அதாவது குமிழால் திருப்பும் ரெசிஸ்டர். அந்தப் பாட்டின் நடுக்காலிலிருந்து 22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று கிரவுண்டுக்குப் போகிறது. இரண்டாவதன் கலெக்டரிலிருந்து 8.2கே, அதற்கு மேல் 330 ஓம், அதற்கு மேல் 9 ஓல்ட். அந்த இரண்டு ரெசிஸ்டர்களும் சேரும் இடத்திலிருந்து 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக வால்யூம் பாட்டுக்கு ஒலி போகிறது. கடைசியாக ஒரு 100கே ரெசிஸ்டர் இரண்டாவதன் எமிட்டரிலிருந்து முதலாவதன் பேஸுக்குத் திரும்பி வருகிறது. அந்த 100கே இந்தச் சுற்றுக்கு உயிர். இரண்டு ட்ரான்ஸிஸ்டரும் ஒன்றை ஒன்று பார்த்துத் தங்கள் நிலையை அமைத்துக்கொள்வது அதன் வழியாகத்தான். அதனால்தான் ஓர் இடத்தில் பிழை வந்தால் எல்லா அளவுகளும் ஒருசேர மாறிவிடுகின்றன, எந்தப் பாகம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாமல் போகிறது.

சரி, இப்போது அளக்கலாம். மீட்டரை நேர்மின்சார 20 ஓல்ட்டில் வையுங்கள். பேட்டரியில் ஓட்டுகிறீர்கள் என்றால் இன்புட் ஜாக்கில் கேபிள் செருகியிருக்க வேண்டும். பெரும்பாலான பெடல்களில் பேட்டரியின் மைனஸ் கம்பியை ஸ்டீரியோ ஜாக்கின் நடு வளையத்தில் கட்டியிருப்பார்கள், பிளக் உள்ளே போனால்தான் மின்சாரம் ஓடும். கறுப்பு முனையை ஜாக்கின் கிரவுண்ட் காலில் கவ்விக்கொள்ளுங்கள். சிவப்பு முனையால் ஒவ்வொரு ட்ரான்ஸிஸ்டரின் மூன்று காலையும் தொட்டு எழுதிக்கொள்ளுங்கள். முனை வழுக்கி இரண்டு கால்களைச் சேர்த்துத் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும், 9 ஓல்ட்டால் உங்களுக்கு ஆபத்தில்லை. ஆம்பைத் திறக்கும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதனுள் இருக்கும் கெப்பாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரம் தேங்கியிருக்கலாம். உங்கள் பழுதுக்கும் ஆம்புக்கும் சம்பந்தமும் இல்லை.

சரியாக வேலை செய்யும் சிலிக்கான் பெடலில் முதல் ட்ரான்ஸிஸ்டரின் எமிட்டர் 0, பேஸ் சுமார் 0.6 ஓல்ட், கலெக்டர் 1.2-இலிருந்து 1.4 ஓல்ட்டுக்குள் இருக்கும். இரண்டாவதன் பேஸ் அதே கலெக்டர் அளவுதான், அதன் எமிட்டர் 0.6-இலிருந்து 0.8 ஓல்ட்டுக்குள், கலெக்டர் 3-இலிருந்து 5 ஓல்ட்டுக்குள். இந்த ஆறில் மிக முக்கியமானது கடைசி அளவு. அது பாதி மின்னழுத்தத்துக்கு, அதாவது 4.5-க்குப் பக்கத்தில் இருந்தால் அலை மேலேயும் கீழேயும் ஆடுவதற்கு இடம் இருக்கிறது. ஒரு பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தால் சன்னமான சிக்னல் வெளியே வராது, பலமாக அடித்தது மட்டும் கொஞ்சம் தப்பி வரும். நீங்கள் சொல்லும் அறுந்துபோகும் ஒலி அதுதான். ஆகவே உங்கள் அளவு நடுவில் இருக்காது என்று ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்வேன். எந்தச் சுவரில் ஒட்டியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

இரண்டாவதன் கலெக்டர் 9 ஓல்ட்டுக்குப் பக்கத்தில் இருந்து, எமிட்டர் 0 என்று காட்டினால், இரண்டாவது ட்ரான்ஸிஸ்டர் வழியாக மின்னோட்டமே இல்லை. அதன் பேஸைப் பாருங்கள். அதுவும் 0 என்றால் அந்த இடம் எங்கோ கிரவுண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது 33கே இணையவில்லை. வெரோபோர்டில் பக்கத்துச் செம்புக்கோடுகள் 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில்தான் ஓடுகின்றன, சால்டர் துளி ஒன்று வழிந்தால் போதும். கோட்டை வெட்டிய இடத்தில் முடி போன்ற செம்புத் துருவல் நின்றாலும் இதே கதைதான். நல்ல வெளிச்சத்தில் உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். கோடுகளுக்கு நடுவே கத்தி முனையால் ஒரு தடவை இழுத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

இரண்டாவதன் கலெக்டர் சுமார் 1 ஓல்ட்டுக்கு இறங்கி, எமிட்டரும் கிட்டத்தட்ட அதே அளவு காட்டி, பேஸ் 1.7 அல்லது 1.8 என்று காட்டினால் அது எதிர்ச்சுவர். முதல் ட்ரான்ஸிஸ்டர் தன் பங்கு மின்னோட்டத்தை இழுக்கவில்லை, 33கே வழியாக வருவதெல்லாம் இரண்டாவதன் பேஸுக்குள் பாய்ந்து அதை முழுதாகத் திறந்துவிட்டது. உங்கள் பெடலில் இதைத்தான் எதிர்பார்க்கிறேன். இந்த நிலையில் முதல் ட்ரான்ஸிஸ்டரின் பேஸ் அளவு நிறையச் சொல்லும். அங்கே 0 இருந்தால் 100கே வழியே மின்சாரம் வரவில்லை, அதன் இரண்டு முனைகளையும் பாருங்கள். இல்லையென்றால் பேஸ் கிரவுண்டோடு ஒட்டியிருக்கிறது. அங்கே 1 ஓல்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் முதல் ட்ரான்ஸிஸ்டரின் எமிட்டர் கிரவுண்டில் சேரவில்லை, அல்லது பேஸ் காலில் சால்டர் பிடிக்கவில்லை. அங்கே 0.5, 0.6 என்று ஒழுங்காகவே இருந்து, அப்படியும் கலெக்டர் கீழே இறங்காமல் இருந்தால், ட்ரான்ஸிஸ்டருக்குத் தூண்டுதல் கிடைத்தும் அது பெருக்கவில்லை என்று பொருள். கால் மாறியிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது. ஒரே ஒரு விதிவிலக்கு: 33கே-க்குப் பதிலாக 3.3கே வைத்திருந்தாலும் அளவுகள் ஏறத்தாழ இப்படித்தான் வரும். ஆரஞ்சு, ஆரஞ்சு, ஆரஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் மூன்றாவது பட்டை சிவப்பா என்று பாருங்கள். ஐந்து பட்டை போட்ட மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களில் பழுப்பும் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோலத் தெரிவது சகஜம். கண்ணை நம்பாமல், சால்டர் வைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் மீட்டரில் அளந்து வைப்பது நல்ல வழக்கம். போர்டில் ஏற்றிய பிறகு அளந்தால் பக்கத்துப் பாகங்கள் வழியாகவும் ஓட்டம் இருப்பதால் அளவு குறைவாகக் காட்டலாம். அதை வைத்து ரெசிஸ்டர் கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அச்சிட்ட மதிப்பைவிட அதிகமாகக் காட்டினால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

கால் வரிசையை ட்ரான்ஸிஸ்டரை வைத்தே சரிபார்க்கவும் முடியும். மீட்டரில் ட்ரான்ஸிஸ்டரின் பெருக்கத்தை அளக்கும் எச்எஃப்இ ஓட்டை இருந்தால் அதில் செருகிப் பாருங்கள். சரியான வரிசையில் நூற்றுக்கு மேல் காட்டும், கலெக்டரும் எமிட்டரும் மாறினால் மிகச் சிறிய எண்தான் வரும். பிசி547-இல் ஏ, பி, சி என்று மூன்று தரம் உண்டு. ஏ என்றால் 110-இலிருந்து 220 வரை, பி என்றால் 200-இலிருந்து 450 வரை, சி என்றால் 420-இலிருந்து 800 வரை. டயோடு சோதனையில் பேஸிலிருந்து இரண்டு பக்கமும் 0.6, 0.7 என்று காட்டும். பெரும்பாலும் எமிட்டர் பக்கத்து அளவு சில மில்லிஓல்ட் கூடுதலாக இருக்கும். வித்தியாசம் மிகச் சிறியது என்பதால் எச்எஃப்இ சோதனையைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். கால் மாறியது உறுதியானால் ட்ரான்ஸிஸ்டரைக் கழற்றி, தட்டை முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பி வையுங்கள், வேறொன்றும் செய்ய வேண்டாம். அந்த இடத்தில் மூன்று ஓட்டை சாக்கெட் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டால் இனிமேல் ட்ரான்ஸிஸ்டரை மாற்றிக் கேட்பதும் எளிது, சூடும் ஏறாது. ஃபஸ் பெடல் கட்டுகிற எல்லோருக்கும் நான் இதைச் சொல்வேன்.

ஃபஸ் பாட்டை வைத்து இன்னொரு சோதனை. பாட்டின் இரண்டு ஓரக் கால்களும் எமிட்டருக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் எப்போதும் முழு 1கே ஆகத்தான் நிற்கின்றன. நடுக்கால் கெப்பாசிட்டருக்கு மட்டும் போகிறது. எனவே குமிழை எவ்வளவு திருப்பினாலும் ட்ரான்ஸிஸ்டர் கால்களில் நேர்மின் அளவு மாறக் கூடாது. திருப்பும்போது கலெக்டர் அளவு நகர்ந்தால் அந்த 22 மைக்ரோஃபாரட் கசிகிறது, அல்லது தலைகீழாக வைத்திருக்கிறீர்கள், அல்லது பாட்டின் கால்களைக் கம்பி மாற்றிக் கட்டியிருக்கிறீர்கள். உங்களுடையது போல என்பிஎன் வகை ட்ரான்ஸிஸ்டர் வைத்த பெடலில் அந்தக் கெப்பாசிட்டரின் பிளஸ் முனை பாட்டைப் பார்க்க வேண்டும், இன்புட் கெப்பாசிட்டரின் பிளஸ் முனை பேஸைப் பார்க்க வேண்டும். இணையத்தில் சுற்றும் வரைபடங்களில் பல மின்சாரம் எதிர்த்திசையில் ஓடும் பிஎன்பி வகை ஜெர்மானியம் ட்ரான்ஸிஸ்டர் வைத்த பழைய பெடலுக்கானவை. 1966-இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட முதல் ஃபஸ் ஃபேஸில் இருந்தது ஜெர்மானியம்தான், சிலிக்கான் பின்னால் வந்தது. பிஎன்பி வரைபடத்தில் பேட்டரியின் பிளஸ் கிரவுண்டாக இருக்கும், கெப்பாசிட்டர்களின் முனைகளும் எதிர்ப்புறமாக இருக்கும். நீங்கள் பார்த்துக் கட்டியது எந்த வகை என்று ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

அளவுகள் எல்லாம் சரியாக இருந்தும் ஒலி வரவில்லை என்றால் ஆடியோ ப்ரோப் ஒன்று செய்துகொள்ளுங்கள். பழைய கிட்டார் கேபிள் ஒன்றின் ஒரு முனையை வெட்டி, உள் கம்பியில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரின் ஒரு காலைப் பற்றவையுங்கள். மற்றக் கால்தான் தொடும் முனை. வெளிவலையை முதலைக் கவ்வியால் பெடலின் கிரவுண்டில் கவ்வுங்கள். பிளக்கை ஆம்பில் செருகுங்கள். கெப்பாசிட்டர் நேர்மின்சாரத்தைத் தடுத்துவிடும், ஒலியை மட்டும் விடும். ஆம்பின் வால்யூமை நன்றாகக் குறைத்துக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு தொடலுக்கும் பட்டென்று ஒரு சத்தம் வரும், ஸ்பீக்கருக்கும் காதுக்கும் நல்லதில்லை. பெடலின் இன்புட்டில் ஃபோனிலிருந்து ஒரு பாடலைக் குறைந்த ஒலியில் ஓட விடுங்கள், இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். பிறகு இன்புட் ஜாக், இன்புட் கெப்பாசிட்டரின் இரண்டு பக்கம், முதல் பேஸ், முதல் கலெக்டர், இரண்டாவது கலெக்டர், அவுட்புட் கெப்பாசிட்டர், வால்யூம் பாட், ஃபுட்ஸ்விட்ச் என்று வரிசையாகத் தொட்டுக்கொண்டே போங்கள். முதல் பேஸில் சன்னமாகக் கேட்பது இயல்பு. கலெக்டரில் அது பெரிதாகி, கரகரப்பாக வர வேண்டும். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் ஒலி காணாமல் போகிறதோ அங்கேதான் பிழை. எண்களைப் பார்த்துக் குழம்பும்போதெல்லாம் நான் இதற்குத்தான் திரும்புவேன். அளவில் அகப்படாத, உள்ளே தொடர்பு அறுந்த கெப்பாசிட்டரும் செத்த ஃபுட்ஸ்விட்ச் காலும் இதில் அகப்பட்டுவிடும்.

ஃபுட்ஸ்விட்ச் பற்றி ஒரு வார்த்தை. ஒன்பது கால் ஸ்விட்சின் உள்ளே பிளாஸ்டிக் இருக்கிறது, சால்டரிங் அயர்னை ஒரு காலில் அதிக நேரம் வைத்தால் உள்ளே இளகி, தொடர்பு சாய்ந்துவிடும். பைபாஸில் சரியாகவும் எஃபெக்ட்டில் விட்டுவிட்டும் வேலை செய்யும் ஸ்விட்சுகளில் பாதிக்கு மேல் இப்படிச் சூடு கண்டவையாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். மீட்டரின் பீப் சோதனையில் மிதித்து மிதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சால்டர் வைக்கும்போது ஒவ்வொரு காலுக்கும் இரண்டு மூன்று வினாடிக்கு மேல் ஆகக் கூடாது. 60/40 ஈயச் சால்டர் 190 டிகிரியை ஒட்டி உருகிவிடும் என்றாலும் அயர்ன் முனை 350 டிகிரி அளவில் இருந்தால்தான் வேலை சீக்கிரம் முடியும். குறைந்த சூட்டில் நீண்ட நேரம் வைப்பதுதான் பாகங்களை அதிகம் கெடுக்கிறது. முனையில் மங்கலாக, உருண்டையாக, காலோடு ஒட்டாமல் நிற்கும் சால்டரைக் கண்டால் கொஞ்சம் புதுச் சால்டர் தொட்டு மறுபடி உருக்கிவிடுங்கள். அளப்பதற்கு முன்பே இதை ஒரு சுற்று செய்துவிட்டால் பல பெடல்கள் அங்கேயே எழுந்து உட்கார்ந்துவிடும்.

இரைச்சலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதில் நான் அவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன், காரணங்கள் பல. அடாப்டரில் ஓட்டுகிறீர்கள் என்றால் அதைக் கழற்றிவிட்டு பேட்டரியில் கேளுங்கள். இரைச்சல் போய்விட்டால் அடாப்டரின் மின்சாரம் சுத்தமாக இல்லை. போகாவிட்டால், போர்டு திறந்து கிடப்பதால் சுற்றியுள்ள மின்கம்பிகளின் முணுமுணுப்பை வாங்கிக்கொள்கிறதா என்று பாருங்கள். உலோகப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியையும் கிரவுண்டோடு சேர்த்து மூடினால் அது அடங்கும். ஃபஸ் என்பது மிகப் பெரிய பெருக்கம், சரியாக வேலை செய்யும் பெடலிலும் ஓரளவு இரைச்சல் இருக்கத்தான் செய்யும். சிலிக்கான் பெடலில் ரேடியோ நிலையம் கேட்பதுகூட உண்டு. அப்படி வந்தால் முதல் ட்ரான்ஸிஸ்டரின் கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவில் 100 பிகோஃபாரட்டை ஒட்டிய சிறு கெப்பாசிட்டர் ஒன்று வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும், உச்ச ஒலியில் கொஞ்சம் கூர்மை குறையும். ஆனால் உங்கள் விஷயத்தில் முதலில் மின்னழுத்தங்களைச் சரி செய்யுங்கள். அதன் பிறகும் இரைச்சல் மிஞ்சினால் அப்போது தேடலாம்.

கால்களைத் திருப்பி வைத்து, கலெக்டர் அளவு 3.4 அல்லது அதற்கும் கீழே நின்று, ஒலி வந்தும் கொஞ்சம் நெருக்கிப் பிடித்தாற்போல் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். 8.2கே என்பது ஜெர்மானியத்திலிருந்து வந்த மதிப்பு. சிலிக்கானுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ட்ரான்ஸிஸ்டரின் பெருக்கம் 400 என்றால் எமிட்டர் 0.66 ஓல்ட்டை ஒட்டி நிற்கும். 1கே வழியாக 0.66 மில்லிஆம்பியர். அதே ஓட்டம் மேலே உள்ள சுமார் 8.5கே வழியாகவும் போகிறது, அங்கே 5.6 ஓல்ட் விழுகிறது. மீதி 3.4. பெருக்கம் 100 மட்டும் இருந்தால் பேஸுக்கு அதிக ஓட்டம் தேவைப்பட்டு எமிட்டர் ஏறும், கலெக்டர் 2 ஓல்ட் வரைகூட இறங்கிவிடும். நடுவில் நிறுத்த மேலே உள்ள மொத்த ரெசிஸ்டர் 6.8கே அளவில் இருக்க வேண்டும். ஆகவே 8.2கே இடத்தில் 10கே டிரிம்பாட் (திருப்புளியால் திருகி மதிப்பை மாற்றும் சிறு பாட்) ஒன்றை வைத்து, திருகிக்கொண்டே காதால் கேளுங்கள். 4.5 ஓல்ட் என்பது தொடங்கும் இடம்தான். சிலர் 5-க்கு மேல் விரும்புவார்கள், சிலர் 3.5-இல் கிடைக்கும் கட்டுக்கட்டான ஒலியை விரும்புவார்கள். எது சரி என்று மீட்டர் சொல்லாது.

ஒலியின் அளவு பற்றியும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். எல்லாம் சரியாக இருந்தும், வால்யூமை முழுதாகத் திறந்தும், பைபாஸைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்கிறது என்ற குறை இந்தப் பெடலைக் கட்டியவர்களிடமிருந்து அடிக்கடி வரும். அதில் பழுது எதுவும் கிடையாது. வெளியே போகும் ஒலி 330 ஓம் ரெசிஸ்டரின் மேல் விழும் பங்கு மட்டும்தான், கலெக்டரில் ஆடும் அலையில் அது நூற்றுக்கு நான்கு பங்கு. அந்த 330-ஐ 1கே ஆக்கினால் பங்கு பத்துக்கு மேல் போய்விடும். டிரிம்பாட்டை அதற்கேற்ப சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நான் கட்டும் சிலிக்கான் ஃபஸ்களில் தொடக்கத்திலேயே 1கேதான் வைக்கிறேன்.

அப்புறம், இந்தப் பெடலுக்கு முன்னால் பஃபர் (கிட்டாரையும் அடுத்த பெடலையும் பிரித்து நிற்கும் சிறு சுற்று) உள்ள ட்யூனரோ வேறு பெடலோ வைக்காமல் சோதியுங்கள். ஃபஸ் ஃபேஸின் இன்புட் மிகக் குறைந்த தடை உள்ளது, கிட்டார் பிக்கப்போடு நேராகச் சேர்ந்துதான் அதன் குணம் அமைகிறது. நடுவில் பஃபர் வந்தால் ஒலி கீச்சென்று மாறும். கிட்டாரின் வால்யூம் குமிழைக் குறைத்தால் சுத்தமாகும் அந்த அழகும் போய்விடும். பழுது என்று நினைத்து இதற்காகப் பெடலைத் திறந்தவர்கள் உண்டு. கார்பன் ரெசிஸ்டர் வைத்தால் ஒலி இன்னும் நன்றாக இருக்குமா என்று சிலர் கேட்பார்கள். கார்பன் காம்பொசிஷன் ரெசிஸ்டரில் இரைச்சல் கூடுதல் என்பது நிச்சயம். ஒலி இனிமை கூடுகிறது என்பதை என் காது இதுவரை ஒப்புக்கொள்ளவில்லை. மெட்டல் ஃபிலிமே வையுங்கள்.

பெட்டிக்குள் வைத்து மூடும்போது போர்டின் சால்டர் பக்கம் பாட்களின் உலோக முதுகைத் தொடாமல் நடுவில் தடித்த அட்டையோ ரப்பர் தகடோ வையுங்கள். மேசையில் பாடிய பெடல் மூடியைத் திருகியதும் ஊமையாவதற்கு இதுதான் முதல் காரணம்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். ஃபஸ் குமிழை நடுவில் வைத்து, பேட்டரியின் அளவையும் ஆறு கால்களின் அளவையும் எழுதுங்கள். போர்டின் இரண்டு பக்கமும் தெளிவாகத் தெரிகிற மாதிரி படம் எடுங்கள், ட்ரான்ஸிஸ்டரின் மேல் அச்சிட்ட எழுத்தும் தட்டை முகமும் படத்தில் வர வேண்டும். நீங்கள் பின்பற்றிய வரைபடத்தையும் சேர்த்துப் போடுங்கள். முதல் ட்ரான்ஸிஸ்டரின் பேஸில் 0.5-ஐ ஒட்டியும் இரண்டாவதன் கலெக்டரில் 1-ஐ ஒட்டியும் வந்து, 33கேயின் பட்டைகளும் சரியாக இருந்தால் என் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம், இரண்டு ட்ரான்ஸிஸ்டரையும் திருப்பி வைத்துவிடுங்கள். வேறு ஏதாவது எண் வந்தால் அதைப் பார்த்துவிட்டு மேலே சொல்கிறேன்.